சோதனையில் சிக்காத வலி

வைத்தியரை நாடிப் போகிறவர் எவரும், தம்முடைய வேதனைக்கு ஏதேனும் ஒரு சாட்சியம் கிடைக்கும் என்று நம்பியே போகிறார். எலும்பு முறிந்திருந்தால் எக்ஸ்ரே சொல்லும், மூட்டுவாதமானால் வீக்கம் சொல்லும், கிருமியானால் இரத்தம் சொல்லும். ஃபைப்ரோமயால்ஜியா என்னும் வியாதியிலோ இந்தச் சாட்சிகளில் ஒன்றுகூட வாய் திறப்பதில்லை. கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று சரீரம் முழுவதும் மாதக்கணக்கில் வலிக்கிறது; இரவெல்லாம் படுத்திருந்தும் விடியும்போது தூங்கி எழுந்தாற்போல் இருப்பதில்லை; அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கூடத்துக்கு எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோகிறது. இவ்வளவையும் கேட்டபின், "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தான் அம்மா, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்" என்று அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. நூற்றுக்கு 2 முதல் 4 பேர் வரையில் இருக்கலாம் என்று மதிப்பிடப்படுவதும், ஸ்திரீகளையே மிகுதியாகப் பீடிப்பதுமான ஓர் உபாதைக்கு, இதைவிட அநியாயமான பதில் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

1904-ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் வில்லியம் கவர்ஸ், இத்தகைய வலிக்குத் தசையைச் சார்ந்த நார்த்திசுக்களின் அழற்சியே காரணம் என்று கருதினார். அந்த அழற்சியைத் தேடித் தேடிச் சலித்த பிறகுதான், கோளாறு வலிக்கிற இடத்தில் இல்லை, வலியை ஏற்று அளக்கிற நரம்பு மண்டலத்தில் இருக்கிறது என்ற தெளிவு பிறந்தது. 2002-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், நோயாளிகளின் கட்டைவிரல் நகத்தின்மீது சிறு கருவியொன்றால் அழுத்தம் கொடுத்துக்கொண்டே மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, ஆரோக்கியமானவர்கள் பொருட்படுத்தாத மெல்லிய அழுத்தத்திற்கே வலிக்குரிய பகுதிகள் கிளர்ந்தெழுவதைக் கண்டார்கள். மற்றவர்களிடம் அதே கிளர்ச்சியைக் காண ஏறக்குறைய இருமடங்கு அழுத்தம் வேண்டியிருந்தது. வலி கற்பனை என்போருக்கு இதைவிடப் பிரத்தியட்சமான மறுப்பு வேண்டுமா?

நித்திரைக்கும் இதில் பெரும் பங்குண்டு. கனடாவின் டொராண்டோ நகரில் ஹார்வி மால்டாப்ஸ்கி என்ற ஆய்வாளர், திடகாத்திரமான இளைஞர்களை முற்றும் எழுப்பிவிடாமல், சத்தத்தால் அவர்களுடைய ஆழ்ந்த உறக்கத்தை மட்டும் சில இரவுகள் கலைத்துப் பார்த்தார். அவர்களுக்கும் உடல்வலி கண்டது. இரவில் மிகச் சிறிய அளவில் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின் சிலருக்கு வலியோடு உறக்கத்தையும் சீராக்குவதை இதனோடு சேர்த்து நினைக்கத் தோன்றுகிறது. ப்ரிகாபலின் மாத்திரைக்கு 2007-இல் அமெரிக்க அரசு இந்த வியாதிக்கென அனுமதி அளித்தது. டியூலாக்சிடின் அடுத்த ஆண்டு வந்தது. ஆயினும் இவற்றால் வலி பாதியாகக் குறைகிறவர்கள் சிறுபான்மையோரே. அழற்சியே இல்லாத இடத்தில் ஸ்டீராய்டுக்கு வேலையில்லை.

மருந்தைவிட உறுதியாக வல்லுநர்கள் சிபாரிசு செய்வது உடற்பயிற்சியை. வலிக்கிற உடம்பை நடக்கச் சொல்வது குரூரமாகத் தோன்றலாம்; ஆனால் 2017-இல் ஐரோப்பிய வாதநோய் வல்லுநர் சங்கம் சிகிச்சைகள் அனைத்தையும் சீர்தூக்கிப் பார்த்தபோது, தயக்கமின்றிப் பரிந்துரைத்தது இந்த ஒன்றைத்தான். பத்து நிமிஷ நடையில் தொடங்கி, வாரத்துக்குச் சிறிதாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வலி குறைந்த நாள் ஒன்று வாய்த்துவிட்டால், ஒரு வாரத் துணியையும் அன்றே துவைத்து, பரணையும் ஒழித்துப்போட்டுவிட்டு, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பது நம் வீட்டுப் பெண்களின் சுபாவம். ஒரே நாளில் அத்தனையையும் செய்வதை வைத்தியர் விலக்குவது, இப்படிப் படுக்கையில் கிடக்க நேர்வதனால்தான்.

குணம் கண்டதா என்பதை எதைக்கொண்டு அளப்பது? அமெரிக்காவின் ஒரேகான் மாகாணத்தில் தயாராகி 1991-இல் வெளிவந்த வினாப்பட்டியல் ஒன்று, வலியின் அளவோடு நிற்காமல், கடைக்குப் போய்வர முடிகிறதா, சமைக்க முடிகிறதா, பாத்திரம் துலக்க முடிகிறதா, படுக்கையை விரிக்க முடிகிறதா, உறவினர் வீட்டுக்குப் போக முடிகிறதா, சென்ற வாரத்தில் எத்தனை நாள் நன்றாக இருந்தீர்கள் என்றெல்லாம் கேட்கிறது. வலி முற்றிலும் அகலாவிட்டாலும், இந்தக் கேள்விகளுக்கு "முடிகிறது" என்ற பதில்கள் பெருகுமானால் சிகிச்சை பலித்தது என்றே கொள்ள வேண்டும்.

மூன்று மாதத்துக்கு மேல் உடம்பெங்கும் வலியிருப்பவர்கள், தைராய்டு குறைவும் மூட்டுவாதமும் இதே வேஷத்தில் வரக்கூடும் ஆதலால், மருந்துக்கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்காமல், வாதநோய் நிபுணர் ஒருவரிடம் முதலில் காட்டிக்கொள்ள வேண்டும்.