முதல் மழையில் கரைந்து வருவது என்ன?

பல வாரம் வறண்டு கிடந்த நகரத்தில் கோடை மழை ஒன்று அடித்து ஓய்ந்ததும், தெருவில் நிற்கும் கார்களின் கண்ணாடி முழுக்கப் பழுப்புப் புள்ளிகள் தெரியும். மொட்டை மாடிக் கொடியில் எடுக்க மறந்த வெள்ளைச் சட்டையிலும் அதே கறைதான். மழைத்துளி அந்த அழுக்கை வரும் வழியில் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டது. முந்தின நாள்வரை ஊர் மக்கள் மூச்சில் இழுத்ததும் அதே அழுக்கைத்தான்.

அந்தத் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்தால், காற்றில் என்னென்ன கலந்திருந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிட முடியும். புழுதியா, வண்டிப் புகையா, அனல்மின் நிலையத்துப் புகையா, குப்பை எரித்த புகையா என்று பிரித்துக்காட்டும் தடயம் மழைநீரில் உண்டு. இதற்கான அறிவியல் 170 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. நம் நகரங்கள்தான் அதை இன்னும் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

மான்செஸ்டரில் தொடங்கிய சோதனை

தொழிற்புரட்சியின் புகையில் மூழ்கிக் கிடந்த இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர் மழைநீரைச் சேகரித்து ஆராய்ந்தார். 1852-இல் அவர் வெளியிட்ட முடிவு எளிமையானது. நகருக்கு வெளியே வயல்வெளியில் பெய்த மழையில் அமிலம் இல்லை. நகரத்தை நெருங்க நெருங்க சல்பேட் கூடியது. நகருக்குள் பெய்த மழையிலோ கந்தக அமிலமே இருந்தது. வீடுகளிலும் ஆலைகளிலும் எரித்த நிலக்கரியில் இருந்த கந்தகம்தான் காரணம்.

1863-இல் பிரிட்டன், சோடா ஆலைகள் வெளியேற்றும் அமில வாயுவைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதை நடைமுறைப்படுத்தும் முதல் ஆய்வாளராக நியமிக்கப்பட்டவரும் ஸ்மித்தான். 'அமில மழை' என்ற சொல்லைத் தந்தவர் என்று அறிவியல் உலகம் இன்றும் அவரையே குறிப்பிடுகிறது.

பின்னர் 1963-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில், ஹப்பர்ட் புரூக் என்ற காட்டில் விஞ்ஞானிகள் மழைநீரைச் சோதித்தார்கள். ஆலைகளே இல்லாத அந்தக் காட்டிலும் மழை இயல்பைவிடப் பல மடங்கு அமிலமாக இருந்தது. தொலைவில் உள்ள மின்நிலையங்களின் புகை காற்றோடு பயணம் செய்து அங்கே மழையாக இறங்கியிருந்தது. பல ஆண்டுகள் தொடர்ந்து சேர்த்த அந்தக் கணக்குகள் 1990-இல் அமெரிக்கா தன் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தத் துணை நின்றன. அதன் பிறகு அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் மழைநீரின் சல்பேட் பாதிக்கும் கீழே இறங்கியது.

துளிக்குள் அழுக்கு சேரும் விதம்

மேகத்தில் நீராவி தானாகத் துளியாவதில்லை. பற்றிக்கொள்ள அதற்கு ஒரு நுண்துகள் தேவை. கடல் உப்பு, மண் தூசு, புகையில் பிறந்த சல்பேட் என ஏதாவது ஒன்றைச் சுற்றித்தான் துளி உருவாகிறது. பிறகு அது கீழே விழும்போது வழியில் உள்ள தூசியையும் வாயுக்களையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. அதனால்தான் மழையின் முதல் சில நிமிடங்களில் விழும் நீரில் மாசு அதிகமாகவும், அரை மணி நேரம் கழித்து விழும் நீரில் குறைவாகவும் இருக்கிறது.

மாசே இல்லாத மழைநீரும் லேசான அமிலம்தான். காற்றில் இயல்பாக உள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் அதன் பி.எச். அளவு சுமார் 5.6 ஆக இருக்கும். இந்த அளவுகோலில் ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். 4.6 என்று காட்டும் மழை, 5.6 காட்டும் மழையைவிடப் பத்து மடங்கு அமிலமானது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி

ஆய்வகத்தில் மழைநீரில் கரைந்துள்ள உப்புகளைத் தனித்தனியாக அளப்பார்கள். சல்பேட் அதிகம் என்றால் நிலக்கரி, உலை எண்ணெய் போன்ற கந்தகம் கொண்ட எரிபொருள்கள் மீது சந்தேகம் திரும்பும். நைட்ரேட் அதிகம் என்றால் வாகனங்களும் மின்நிலையங்களும். அமோனியம் உரமிட்ட வயல், மாட்டுத் தொழுவம், கழிவுநீர் ஆகியவற்றிலிருந்து வருகிறது. கால்சியம் மண் புழுதியையும் கட்டுமானத் தூசியையும் காட்டிக்கொடுக்கும். பொட்டாசியம் கூடியிருந்தால் விறகோ சருகோ வைக்கோலோ எரிந்திருக்க வாய்ப்பு உண்டு.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கும். கடல் காற்றும் சல்பேட்டைச் சுமந்து வருகிறது. ஆனால் கடல்நீரில் சோடியத்துக்கும் சல்பேட்டுக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. எடையில் அது சுமார் நான்குக்கு ஒன்று. மழைநீரில் உள்ள சோடியத்தை அளந்து, கடலின் பங்கைக் கழித்துவிட்டால் மீதி உள்ள சல்பேட் பெரும்பாலும் புகைபோக்கிகளின் பங்கு.

இந்தியாவில் பி.எச். மட்டும் போதாது

உலக வானிலை அமைப்பின் திட்டத்தில் இணைந்து, இந்திய வானிலைத் துறை 1970-களிலிருந்தே மழைநீரைச் சேகரித்து வருகிறது. ஸ்ரீநகர், ஜோத்பூர், பிரயாக்ராஜ், மோகன்பாரி, நாக்பூர், புனே, விசாகப்பட்டினம், மினிக்காய், போர்ட் பிளேர் ஆகிய ஊர்களோடு நம் கொடைக்கானலும் அந்தப் பட்டியலில் உண்டு. 1987 முதல் 2021 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தபோது, பல இடங்களில் மழையின் பி.எச். காலப்போக்கில் இறங்கி வருவது தெரிந்தது. விசாகப்பட்டினம், பிரயாக்ராஜ், அசாமின் மோகன்பாரி ஆகிய இடங்கள் அவற்றில் குறிப்பிடத்தக்கவை. ஜோத்பூரிலும் ஸ்ரீநகரிலும் நிலைமை வேறு. தார் பாலைவனத்திலிருந்து வரும் காரத்தன்மை கொண்ட தூசு அங்கே அமிலத்தை முறித்துவிடுகிறது.

இங்கேதான் கவனம் வேண்டும். புகையும் அதிகம், புழுதியும் அதிகம் என்று இருக்கும் ஊரில் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். பி.எச். நல்ல எண்ணைக் காட்டும். நுரையீரலுக்கோ இரட்டைச் சுமை. சல்பேட், நைட்ரேட், கால்சியம் ஆகியவற்றைத் தனித்தனியாக அளக்காமல் 'எங்கள் ஊரில் அமில மழை இல்லை' என்று நிம்மதி அடைவது ஆபத்து.

உடம்பைப் பாதிப்பது எது?

அமில மழையில் நனைந்தால் தோல் எரியும், முடி கொட்டும் என்ற பயம் பலருக்கு உண்டு. நகரங்களில் பெய்யும் மழையின் அமிலத்தன்மை அந்த அளவுக்கு இருப்பதில்லை. எலுமிச்சைச் சாறு அதைவிட மிக அதிக அமிலம் கொண்டது. உண்மையான தீங்கு, அந்த மழையை அமிலமாக்கிய வாயுக்களையும் நுண்துகள்களையும் மழை இல்லாத நாட்களில் சுவாசிப்பதால் வருகிறது. பி.எம். 2.5 எனப்படும் துகள், தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. அது நுரையீரலின் ஆழம்வரை போய், ரத்தத்திலும் கலக்கிறது. ஆஸ்துமா, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் என அதன் விளைவுகள் நீள்கின்றன. வீட்டுக்குள்ளும் வெளியிலும் உள்ள காற்று மாசால் ஆண்டுக்குச் சுமார் 70 லட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே இறக்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு கனமீட்டர் காற்றில் இத்துகளின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது அதன் 2021 பரிந்துரை. இந்தியாவின் வரம்பு 40.

மழை பெய்துவிட்டால் காற்று முழுதும் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கவும் கூடாது. பெரிய தூசிகளை மழை எளிதில் அடித்துக்கொண்டு போகும். ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் பல அதன் பிடியில் சிக்குவதில்லை. மழை விட்டதும் வண்டிகளும் ஆலைகளும் மறுபடி காற்றை நிரப்பத் தொடங்கிவிடும்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 2016 நவம்பர் 21 அன்று நடந்தது இன்னொரு பாடம். இடியும் காற்றுமாக வந்த புயலில் புல்லின் மகரந்தத் துகள்கள் ஈரத்தில் வெடித்துப் பொடியாகிக் காற்றில் பரவின. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு ஓடினார்கள்; 10 பேர் இறந்தார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மழைக்காலத்திலும் மருத்துவர் சொன்ன இன்ஹேலரைக் கைவிடக் கூடாது.

மழையில் பிளாஸ்டிக்

அமெரிக்காவின் கொலராடோ பகுதியில் சேகரித்த மழை மாதிரிகளில் 90 சதவீதத்துக்கும் மேலானவற்றில் பிளாஸ்டிக் இழைகள் இருந்ததாக 2019-இல் அந்நாட்டின் புவியியல் ஆய்வு நிறுவனம் தெரிவித்தது. ஒட்டாத பாத்திரப் பூச்சு, தீயணைப்பு நுரை போன்றவற்றில் பயன்படும், எளிதில் சிதையாத ஃபுளோரின் வேதிப்பொருள்கள் உலகெங்கும் மழையில் கலந்துவிட்டன என்று 2022-இல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது நேரடியாகப் பொருந்தும். 2003-இல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. தொட்டியில் பிடித்துச் சமைக்கவும் குடிக்கவும் பயன்படுத்தும் வீடுகள், பருவத்தின் முதல் மழையையும் ஒவ்வொரு மழையின் முதல் சில நிமிட நீரையும் தொட்டிக்குள் விடாமல் வெளியேற்ற வேண்டும். மொட்டை மாடியையும் மழைக்கு முன்பே கழுவி வைப்பது நல்லது.

பள்ளியும் மாநகராட்சியும் செய்யக்கூடியது

மாதிரி எடுக்கப் பெரிய செலவில்லை. வாலை வடிநீரில் அலசிய பிளாஸ்டிக் பாத்திரத்தை, மரமும் கூரையும் இல்லாத திறந்த வெளியில், தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல், மழை தொடங்கும்போது மட்டும் வைக்க வேண்டும். முதல் பத்து நிமிட நீரையும் பிந்தைய நீரையும் தனித்தனியாகப் பிடித்து, வெள்ளை வடிதாளில் வடித்தாலே வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் இரண்டையும் அளந்து ஒப்பிடலாம். பள்ளி மாணவர்களுக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடம் அரிது. சல்பேட், நைட்ரேட், ஈயம் ஆகியவற்றை அளக்க மட்டும் ஆய்வகம் வேண்டும்.

மழை பெய்யாத நாளின் காற்றை இந்தச் சோதனை சொல்லாது. ஆகவே காற்றுத் தரத்தை மணிக்கு மணி அளக்கும் கருவிகளுக்கு இது மாற்றாகாது, துணையாகும். கருவி எவ்வளவு மாசு என்று சொல்லும்போது, மழைநீர் அது எங்கிருந்து வந்தது என்று தேட உதவும். வானிலைத் துறையின் அந்தப் பட்டியலில் சென்னையோ கோவையோ மதுரையோ இல்லை. மாநகராட்சிகளும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் கல்லூரி ஆய்வகங்களோடு சேர்ந்து, மணலி, எண்ணூர் போன்ற தொழிற்பகுதிகளிலும் குடியிருப்புகளிலும் ஒவ்வொரு பருவமழையையும் சோதித்து முடிவைப் பொதுவில் வெளியிட வேண்டும். வரும் வடகிழக்குப் பருவமழையிலேயே அதைத் தொடங்கும்படி உங்கள் வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுங்கள்.