பால் வெட்டிய கைக்குத் தோல் வேலை தூரமில்லை

"ஏன் தம்பி, தோலைத் தொடுற பொழப்பு வேணாம்னுதானே எங்க தாத்தா கப்பலேறி வந்தாரு? இப்ப நீங்களே புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போயி அதைக் கத்துக்கச் சொல்றீங்களே!"

செபராங் பிறை வட்டாரத் தோட்டம் ஒன்றில் பெரியவர் ஒருவர் நம்மைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. சங்க வேலையாகப் போயிருந்த நாம், பினாங்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் தோலில் பூவேலை அச்சுப் பதிக்கச் சொல்லித் தருகிறார்கள், விரும்புகிறவர்கள் வரலாம் என்று சொன்னோம். அதற்குத்தான் இந்தப் பதில். லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

நமக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கேள்விக்குள் ஒரு பழைய காயம் இருக்கிறது. செத்த மாட்டைத் தூக்கு, தோலை உரி, ஆனால் தெருவுக்குள் வராதே என்று ஊரிலே நம் முன்னோரில் பலரை ஒதுக்கி வைத்தார்கள். அந்தப் பேச்சு கடல் தாண்டியும் நம் கூடவே வந்தது. பெரியவருக்குப் பதில் சொல்வதற்கு முன், அந்த வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

நான்கு பேர் போனோம்

அடுத்த ஞாயிறு காலையில் பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறினோம். நம்மோடு இரண்டு இளைஞர்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அக்கா. அவர் முப்பது வருடம் கித்தா மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உதிரிப் பழம் பொறுக்கி ஓய்வுபெற்றவர்.

ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீட்டு மாடி ஒன்றில் வகுப்பு. சொல்லிக் கொடுத்தவர் வயதான சீனர். எல்லாரும் 'சிஃபு' என்றே கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிட்டோம். பேச்செல்லாம் மலாயில்தான்.

சிஃபு முதலில் இரண்டு தோல் துண்டுகளை மேசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். ஒன்றில் தண்ணீர் முத்துப்போல நின்றது. மற்றதில் உடனே உறிஞ்சி, அந்த இடம் கறுத்தது. "இரண்டாவதுதான் நமக்கு வேண்டிய தோல்" என்றார்.

காரணம் இதுதான். கடைகளில் விற்கும் பைகளும் சப்பாத்துகளும் பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிட்ட தோலால் ஆனவை. அந்தத் தோல் மெதுவானது, வளையக்கூடியது; ஆனால் அச்சை அடித்தால் மறுபடியும் எழும்பிவிடும், பூ நிற்காது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் அப்படியல்ல. ஈரமாக இருக்கும்போது களிமண்போல அமுங்கும். காய்ந்ததும் அமுங்கிய இடம் அப்படியே நின்றுவிடும். வெட்டிய விளிம்பைப் பார்த்தாலும் தெரியும்: பட்டையில் பதனிட்டது உள்ளும் புறமும் பழுப்பாக இருக்கும், குரோமியத் தோலின் நடுவில் பெரும்பாலும் சாம்பல் கலந்த நீலம் தெரியும்.

பட்டை என்றதும் நமக்கு ஊர் ஞாபகம் வந்தது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போனது. 'கிழக்கிந்தியத் தோல்' என்றே அதற்குப் பெயர். பொங்கலுக்குப் பாட்டி தேடிய அதே ஆவாரஞ்செடியின் பட்டைதான்! அந்தத் தோலுக்கு இந்திய அரசு புவிசார் குறியீடும் கொடுத்திருக்கிறது.

நாம் கெடுத்த முதல் துண்டு

தம்ளர் வைக்கும் வட்டத் துண்டில் ஒரு பூவும் இரண்டு இலையும் போடுவதுதான் முதல் பாடம். தோலின் கனம் சுமார் மூன்று மில்லிமீட்டர். சுத்தமான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒரே சீராகத் தடவ வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும்.

நமக்குக் காத்திருக்கும் குணம் குறைவு. சொதசொதவென்று இருந்த தோலில் அச்சை வைத்து அடித்தோம். கோடுகள் மழுங்கிப்போய்ப் பூ பூசணிக்காயானது. இளைஞர் ஒருவர் நேர்மாறாக, நன்றாகக் காயவிட்டு அடித்தார். அச்சு பதியவே இல்லை. சிஃபு சிரித்துக்கொண்டே ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துக் காட்டினார். நிறம் ஏறக்குறைய பழையபடி வெளுத்திருக்க வேண்டும். ஆனால் கன்னத்தில் வைத்தால் குளுமை தெரிய வேண்டும். அதுதான் பதம்.

இன்னொரு பிழையும் செய்தோம். பக்கத்தில் கிடந்த இரும்புச் சுத்தியலை எடுத்து அச்சின் தலையில் ஓங்கி அடித்துவிட்டோம். சிஃபு பதறிப்போனார். அச்சின் தலை நசுங்கிவிடும். அடியும் சீராக விழாது. மரக் கொட்டாப்புளிதான் சரி. தோலுக்கு அடியில் கனமான கருங்கல்லோ சலவைக்கல்லோ இருக்க வேண்டும். ஆடுகிற மேசைமேல் நேராக வைத்து அடித்தால் பாதி அடியை மேசையே தின்றுவிடும்.

துருப்பிடித்த ஆணியோ தகரமோ ஈரத் தோலில் படக்கூடாது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்கள் அல்லவா? அதே சங்கதிதான். பட்டைச் சாற்றில் இரும்பு பட்டால் கறுப்புக் கறை விழும். தேய்த்தாலும் லேசில் போகாது.

அக்காவின் கத்தி

பதம் வந்த பிறகு, படத்தை மழுங்கிய முனையால் தோலில் கீறிக்கொண்டு, அந்தக் கோட்டின் மேலேயே சுழல் கத்தியால் வெட்ட வேண்டும். தோலின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி. மேலாக வெட்டினால் பூ எழும்பாது. ஆழமாக வெட்டினால் தோல் அறுந்துபோகும். பிறகு கோட்டின் ஒரு பக்கத்தைச் சாய்வு அச்சால் அடித்து இறக்கினால் மறுபக்கத்து இதழ் மேலே எழும்பித் தெரியும். கடைசியாகப் பூவைச் சுற்றியுள்ள இடத்தைப் புள்ளி அச்சால் அமுக்க வேண்டும்.

கத்தி வேலையில் ஆண்கள் மூவரும் திணறினோம். கோடு கோணியது, ஆழம் கூடிக் குறைந்தது. அக்கா வாயே திறக்காமல் வெட்டிக்கொண்டு போனார். முதல் இதழிலிருந்து கடைசி இதழ்வரை ஒரே ஆழம். சிஃபு அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதற்கு முன் எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டார்.

"கித்தா மரத்துலதான்" என்றார் அக்கா.

பால் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலாகச் சீவினால் பால் குறையும். கட்டையைத் தொட்டால் மரம் காயப்பட்டுப் பட்டை முண்டு முண்டாக வளரும். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை மட்டும் விட்டுவைத்து, விடியாத இருட்டில் மரத்துக்கு மரம் வெட்டியவர்கள் நாம். அதைத் தொழில்திறன் என்று சம்பளச் சீட்டில் யாரும் எழுதவில்லை. நாமும் நம்மைக் 'கூலி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

பெரியவருக்குப் பதில்

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். வங்காளத்தில் கவிஞர் ரவீந்திரநாத் தாகூர் கிராம மக்களுக்காக 1922-இல் ஸ்ரீநிகேதனைத் தொடங்கினார். தோலில் பூவேலை பதிக்கும் கலையை அங்கே கொண்டுவந்து வளர்த்தவர்கள் அவருடைய மகன் ரதீந்திரநாத்தும் மருமகள் பிரதிமா தேவியும். ஜமீன் குடும்பத்தார் தங்கள் கையாலேயே தோலைத் தொட்டார்கள். சாந்திநிகேதன் தோல் பைகள் இன்றும் பேர்பெற்றவை.

நம் பினாங்கிலேயே பாருங்கள். உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த ஜிம்மி சூ இங்கே ஒரு சப்பாத்துத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். தகப்பனார் முதலில் அவரை உட்கார்ந்து பார்க்கத்தான் வைத்தாராம். பதினோரு வயதில் முதல் சப்பாத்தைச் செய்தார். பிறகு லண்டனில் தோல் தொழில் கல்லூரியில் படித்தபோது, செலவுக்காகச் சப்பாத்துத் தொழிற்சாலையில் துப்புரவு வேலையும் பார்த்தார். 1983-இல் பட்டம் பெற்றார்.

ஆகவே பெரியவரே, உங்கள் தாத்தா கப்பலேறியது தோலுக்குப் பயந்து அல்ல. தோலைக் காட்டி மனிதனை ஒதுக்கியவர்களிடமிருந்து தப்பிக்க. கட்டாயப்படுத்திச் செய்யவைத்த வேலை வேறு. நாமாக விரும்பிக் கற்று, நாமே விலை சொல்லி விற்கும் வேலை வேறு. மாட்டுத்தோல் மனதுக்கு ஒப்பவில்லை என்பவர்கள் ஆட்டுத்தோலில் செய்யலாம். அது மெல்லியது என்பதால் அடியை மட்டும் குறைக்க வேண்டும்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

எடுத்தவுடன் கடன் வாங்கிப் பெட்டி நிறையச் சாமான் வாங்காதீர்கள். ஒரு சுழல் கத்தி, நான்கைந்து அச்சு, ஒரு கொட்டாப்புளி, ஒரு கல் போதும். துருப்பிடிக்காத போல்ட்டின் முனையை அரத்தால் ராவி நீங்களே சின்ன அச்சுகள் செய்துகொள்ளலாம். முழுத்தோல் வேண்டாம், கழிவுத் துண்டுகளைக் கேட்டு வாங்கிப் பழகுங்கள். வேலை முடிந்த துண்டை வெயிலில் போடாமல் நிழலில் ஒருநாள் காயவிட்டு, பிறகு சாயமும் மெழுகும் பூசுங்கள். முதல் பத்துத் துண்டு வீணாகத்தான் போகும். அதற்கு அஞ்சினால் பதினோராவது துண்டு வராது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். இது சம்பளத்துக்கு மாற்று அல்ல. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. அது உங்கள் உரிமை. 'கைத்தொழில் கற்றுத் தருகிறோம்' என்று சொல்லி எவராவது சம்பளத்தில் கை வைத்தால், இ.பி.எப்., சொக்சோ கட்டாமல் விட்டால், உடனே சங்கத்துக்குச் சொல்லுங்கள். ஆனால் வேலைக்காலம் முடிந்ததும் தோட்டத்து வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த நாளில் மூட்டையோடு கூட எடுத்துப்போக ஒரு தொழில் இருந்தால் நல்லதுதானே?

அக்கா செய்த துண்டை அந்தப் பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். விரலால் இதழைத் தடவிப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"அடுத்த ஞாயித்துக்கிழமை எம் பேத்தி வரலாமா தம்பி?"

வரலாம். பெர்ரிக்குக் காலையில் சீக்கிரம் வந்துவிடச் சொல்லியிருக்கிறோம்.