நாற்பதிலே காக்க வேண்டிய நினைவு

வயது ஏறினால் மறதி இயற்கைதானே என்று, வீட்டுப் பெரியவர்களின் தடுமாற்றத்தை நாம் ஒதுக்கிவிடுகிறோம். மூக்குக்கண்ணாடி வைத்த இடம் மறப்பது வேறு. பல்லாண்டுகள் நடந்த தெருவிலேயே வீடு தெரியாமல் நிற்பது வேறு. பின்னது டிமென்ஷியா என்னும் மறதி நோய். நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, அதாவது நூற்றுக்கு 7 பேருக்குமேல், இந்நோய் இருப்பதாக 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கணித்தது.

வெளியூரில் வாழும் நமக்கு இதன் சுமை இருமடங்கு. ஊரிலிருந்து நம்மை நம்பி வந்த தாய் தந்தையர் வழி தவறினால், இவ்விடத்து மொழியில் விலாசம் சொல்லவும் அவர்களால் இயலாது.

இந்நோய்க்கும் இரத்தக் குழாய்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. உடலின் எடையில் மூளை நூற்றில் இரண்டு பங்கே. ஆயினும் உடல் ஏற்கும் பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அதுவே செலவிடுகிறது. அதனைக் கொண்டு சேர்ப்பவை மிக நுண்ணிய குழாய்கள். இரத்தக் கொதிப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அவற்றின் சுவர் தடித்து, உட்புறம் குறுகும். நீரிழிவும் கொழுப்பும் புகையிலையும் அச்சேதத்தை மிகுவிக்கும். ஒரு சிறு குழாய் அடைபட்டால் அதனை நம்பியிருந்த மூளைப் பகுதி பட்டுப்போகும். பக்கவாதமாக வெளியே தெரியாமலே இவ்விதச் சேதங்கள் சேர்ந்து அறிவை மந்தமாக்குவதுண்டு. அல்ஸைமர் நோய் தனி வகையே. எனினும் முதியோர் பலரிடம் இரண்டும் கலந்தே காணப்படுகின்றன.

எழுபதில் தோன்றும் நோய்க்குப் பெரும்பாலும் நடுவயதிலேயே வித்து விழுகிறது. தவிர்க்கக்கூடிய 14 காரணங்களைச் சீர்செய்தால் இந்நோயில் நூற்றுக்கு 45 பங்கு வரையில் தடுக்கவோ தாமதப்படுத்தவோ கூடும் என்று, 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-இல் கூறியது. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, கொழுப்பு, உடற்பருமன், உடலுழைப்பின்மை, புகைத்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். தனிமையும், கவனியாது விட்ட செவிட்டுத்தன்மையும்கூட அப்பட்டியலில் உள்ளன.

அமெரிக்காவில் 9,000-க்கு மேற்பட்டோரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் நோக்கத்தக்கது. இரத்த அழுத்தத்தின் மேல் அளவை 140-க்குள் வைத்தவர்களைவிட, 120-க்குள் வைத்தவர்களிடையே ஆரம்ப நிலை நினைவுக் குறைவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. முற்றிய மறதி நோய் குறைந்ததென அது ஐயமற நிறுவவில்லை. எவருக்கு எவ்வளவு அளவு ஏற்றது என்பதை டாக்டரே தீர்மானிக்க வேண்டும்.

ரயில் எஞ்சின் ஓட்டுவோருக்குக் காலந்தோறும் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். மேசையருகே அமர்ந்து எழுதும் நம்மில் பலருக்கு அக்கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாததாலேயே நாமாகச் செல்ல வேண்டியவர்களாகிறோம். கொதிப்பும் சர்க்கரையும் தொடக்கத்தில் வலிப்பதில்லை, பார்த்தால்தான் தெரியும். ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைப்போம்; காப்பியில் சர்க்கரையை மட்டுப்படுத்துவோம்; நாள்தோறும் அரைமணி நேரம் நடப்போம்; டாக்டர் தந்த மாத்திரையை, உடம்பு நன்றாயிருக்கிறதென்று நாமே நிறுத்தாதிருப்போம். பெரியவர்களைச் சங்கக் கூட்டங்களுக்கு அழைத்து வந்து, பேசவும் கேட்கவும் வாய்ப்பளிப்போம்.

குழந்தைகளுக்கு நாம் சேர்த்து வைக்கும் செல்வங்களுள், முதுமையிலும் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் நினைவும் ஒன்றாகட்டும்.