நேற்றைய இன்ஜெரா, இன்றைய காலை உணவு

எத்தியோப்பியாவின் மேட்டுநிலக் கிராமங்களில் இன்ஜெராவைத் தினமும் சுடுவதில்லை. ஒருமுறை அடுப்பு மூட்டினால் மூன்று நாள்களுக்கு வேண்டியதைச் சுட்டு, மூடி போட்ட கூடையில் அடுக்கிவிடுவார்கள். மூன்றாம் நாள் ஓரம் காயத் தொடங்கும். அதைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது. பிய்த்து, காரமான மசாலாவில் புரட்டி, முட்டையோடு காலையில் சாப்பிடுவார்கள். இதற்குப் பெயர் ஃபிர்ஃபிர்.

மனம் வராததற்குக் காரணம், டெஃப் என்ற அந்தத் தானியம் வீட்டுக்கு வந்து சேரும் பாடு. ஒரு கிராமில் ஏறக்குறைய 3,000 விதைகள் இருக்கும். இதன் பக்கத்தில் கேழ்வரகே பெரிய தானியம்தான்! இவ்வளவு சிறிய விதை முளைக்க மண் பொடிப்பொடியாக வேண்டும். அதனால் மாடு பூட்டிப் பலமுறை உழுகிறார்கள். தண்டு மெலிது, கதிர் முற்றும்போது பயிர் சாய்ந்துவிடும். டெப்ரே ஜெயித் ஆராய்ச்சி நிலையம் 2006-ல் வெளியிட்ட குன்ச்சோ ரகம் விளைச்சலைக் கூட்டியது. ஆனால், சாயும் தொல்லை முழுதாகத் தீரவில்லை.

வெள்ளை டெஃபுக்குச் சந்தையில் நல்ல விலை. அதனால் விளைவித்த குடும்பமே அதை விற்றுவிட்டு, சோள மாவோ மக்காச்சோள மாவோ கலந்த இன்ஜெராவைச் சாப்பிடுவது உண்டு. முட்டையும் அப்படித்தான். கொல்லைக்கோழி வளர்ப்பது பெரும்பாலும் பெண்கள். முட்டை விற்ற காசு அவர்கள் கைச்செலவுக்கு. நான்கு முட்டையை வாணலியில் உடைப்பதென்றால் அந்த வரவை விடுவதாகும். புதன், வெள்ளியில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் விரதம் இருப்பதால் முட்டையும் நெய்யும் கிடையாது. அன்று எண்ணெயில் செய்த ஃபிர்ஃபிர்தான்.

இன்ஜெரா மாவு நம் தோசை மாவைப் போலப் புளிக்க வேண்டும். போன முறை மாவின் மேல் தெளிந்த மஞ்சள் நீரை எடுத்து வைத்திருப்பார்கள். எர்ஷோ எனப்படும் அதுதான் உறை. இரண்டு மூன்று நாள் புளித்ததும், கொஞ்சம் மாவைக் காய்ச்சித் திரும்பக் கலந்து, அகலமான கல்லில் வெளி ஓரத்திலிருந்து உள்ளே வட்டமாக ஊற்றி மூடுவார்கள். திருப்பிப் போடுவதில்லை. மேல்புறம் ஆப்பம்போலக் கண் கண்ணாக வரும்.

மூன்று பேருக்கு ஃபிர்ஃபிர் செய்ய, மூன்று பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, எண்ணெய் விடாமல் வெறும் சட்டியில் ஈரம் வற்றும்வரை வதக்க வேண்டும். இதில் அவசரம் கூடாது. ருசியே இதில்தான் இருக்கிறது. பிறகு இரண்டு கரண்டி நெய். அங்கே மஞ்சள், வெந்தயம், கொராரிமா என்ற அந்நாட்டு ஏலக்காய் போட்டு உருக்கிய நெய்யைச் சேர்ப்பார்கள். அடுத்து பூண்டு, ஒன்றரைக் கரண்டி பெர்பெரே. காய்ந்த மிளகாய், இஞ்சி, பூண்டு, வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், கொராரிமா இவற்றை உலர்த்தி அரைத்த பொடி அது. பொடி கருகாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே வதக்கி, ஒரு தக்காளி, உப்பு, ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்துக் கொதித்ததும் இரண்டு இன்ஜெராவைப் பிய்த்துப் போட்டுப் புரட்டி இறக்கலாம். நான்கு முட்டையைப் பச்சை மிளகாயோடு தனியாகப் பொரித்து மேலே போடுவார்கள்.

டெஃப் கிடைக்காத வீட்டில், முந்தைய நாள் சுட்ட புளித்த கேழ்வரகு தோசையை வைத்துச் செய்யலாம். தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, இரண்டே புரட்டலில் இறக்கிவிட வேண்டும், கூடினால் களியாகிவிடும்.