ஒரே ஒரு ரோடு: டெனாலிக்குப் போறதுக்கு முன்னாடி

24,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கும் ஒரு காட்டுப் பகுதி. பக்கத்துக்கு 155 கி.மீ. வைத்து ஒரு சதுரம் போட்டுப் பாருங்க, ஏறத்தாழ அவ்வளவு இடம். அதுக்குள்ளே வட அமெரிக்காவிலேயே உயரமான மலை, பனியாறுகள், கரடி, ஓநாய் எல்லாம் இருக்கு. ஆனா உள்ளே போக இருப்பது ஒரே ஒரு ரோடு. நீளம் 148 கி.மீ. கோடைக்காலத்தில் சொந்தக் காரில் போனால் முதல் 24 கி.மீ. வரைதான் விடுவாங்க. அதுக்கு மேல பஸ்தான்.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் இருக்கும் டெனாலி தேசியப் பூங்காதான் அது. ரோடு போடப் பணம் இல்லாமலோ, தொழில்நுட்பம் தெரியாமலோ இப்படி விட்டுவைக்கவில்லை. போதும் என்று முடிவு பண்ணி நிறுத்தியிருக்கிறார்கள். நம்மைப் போல எதையாவது கட்டுவதற்காகவே படிக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும். ஏன் நிறுத்தினார்கள், இப்போ அந்த ரோட்டுக்கு என்ன ஆச்சு, ஒரு நாள் நீங்க அங்கே போனால் எப்படிப் போகணும்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆட்டுக்காகப் பிறந்த பூங்கா

டெனாலி என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது மலை. உயரம் 6,190 மீட்டர். 1913 ஜூன் 7 அன்று நான்கு பேர் கொண்ட குழு முதன்முதலாக அதன் உச்சியை அடைந்தது. அதில் முதலில் கால் வைத்தவர் வால்டர் ஹார்ப்பர், அந்த மண்ணின் பூர்வகுடித் தாய்க்குப் பிறந்தவர்.

ஆனா பூங்கா உருவானது மலைக்காக இல்லை, ஆட்டுக்காக! டால் ஆடு என்று ஒரு வெள்ளை மலையாடு இருக்கு. 1900-களின் தொடக்கத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கறி விற்பதற்காக வேட்டைக்காரர்கள் இவற்றைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டுத் தள்ளினார்கள். ரயில் பாதை வந்தால் நிலைமை இன்னும் மோசமாகும் என்று பயந்தவர் சார்லஸ் ஷெல்டன். அவரும் ஒரு வேட்டைக்காரர்தான், இயற்கை ஆர்வலரும்கூட. 1907-08 குளிர்காலத்தை டோக்லாட் ஆற்றங்கரையில் ஒரு மரக் குடிசையில் கழித்து ஆடுகளைக் கவனித்தார். பிறகு ஊருக்குத் திரும்பி வருஷக்கணக்காக வாதாடினார். 1917 பிப்ரவரியில் பூங்கா சட்டமாகியது.

பெயர் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு, தெரிஞ்சு வச்சுக்கங்க. கோயுகான் மொழியில் ‘உயரமானது’ என்ற பொருளில் வந்த பெயர்தான் டெனாலி. பூங்கா தொடங்கும்போது மலைக்கும் பூங்காவுக்கும் மெக்கின்லி என்ற பெயர்தான் இருந்தது. 1980-இல் பூங்கா டெனாலி ஆனது. 2015-இல் மலையும் அதிகாரபூர்வமாக டெனாலி ஆனது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு மலையின் பெயரை மறுபடி மெக்கின்லி என்று மாற்றியது. பூங்காவின் பெயர் மட்டும் டெனாலியாகவே இருக்கிறது.

829 மண்டை ஓடுகள்

ஆடுகளைக் காப்பாற்றத்தானே பூங்கா? அப்போ ஆட்டைத் தின்னும் ஓநாயைச் சுட்டுத் தள்ளலாமே? இப்படி ஒரு கோரிக்கை 1930-களில் பலமாக எழுந்தது. ஆராய்ச்சி பண்ண அடால்ஃப் மியூரி என்ற உயிரியலாளரை அனுப்பினார்கள். அவர் மலைச்சரிவுகளில் நடந்து நடந்து 829 டால் ஆட்டு மண்டை ஓடுகளைச் சேகரித்தார். கொம்பில் இருக்கும் வளையங்களை எண்ணினால் ஆட்டின் வயது தெரியும். பல்லையும் தாடையையும் பார்த்தால் நோய் இருந்ததா என்று தெரியும்.

இறந்தவற்றில் பெரும்பாலானவை வயதானவை, நோயுற்றவை, அல்லது குட்டிகள். நல்ல உடல்வலிமை உள்ள ஆடு ஓநாயிடம் சிக்குவது குறைவு. 1944-இல் இந்த முடிவுகள் புத்தகமாக வந்தன. ‘கெட்ட மிருகம்’ என்று முத்திரை குத்தி அழிப்பதற்கு எதிராக, கையில் தரவோடு பேசிய ஆரம்பகால ஆய்வுகளில் இது ஒன்று.

இதே மியூரி பிறகு ரோடு விஷயத்திலும் குறுக்கே நின்றார்.

ரோட்டை ஏன் பாதியில் விட்டார்கள்?

ரோடு வேலை 1923-இல் ஆரம்பித்து 1938-இல் முடிந்தது. ஜல்லி ரோடு. சில இடங்களில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பாதாளம், நடுவில் தடுப்புச் சுவர்கூட இல்லை. 1950-களின் கடைசியில் இதை அகலப்படுத்தித் தார் போட ஒரு திட்டம் வந்தது. வேலையும் தொடங்கிவிட்டது. ரோடு அகலமானால் வண்டி வேகமாகப் போகும், வண்டி எண்ணிக்கை கூடும், மிருகங்கள் ஒதுங்கிப் போகும் என்று மியூரியும் இன்னும் பலரும் எதிர்த்தார்கள். 1960-களில் வேலை நின்றது.

அது நின்ற இடத்தை இன்றைக்கும் பார்க்கலாம். முதல் 24 கி.மீ. தார். அதுக்கப்புறம் டெக்லானிகா ஆறு வரை அகலமான ஜல்லி ரோடு. அதைத் தாண்டினால் 1938-இல் இருந்த மாதிரி ஒடுக்கமான பாதை. உள்ளே போகப் போக ரோடு சுருங்கிக்கொண்டே போகும்.

1970-களின் தொடக்கத்தில் ஆங்கரேஜையும் ஃபேர்பேங்க்ஸையும் இணைக்கும் நெடுஞ்சாலை பூங்கா வாசல் வழியாக வந்தது. கூட்டம் அலைமோதும் என்று தெரிந்தது. என்ன செய்தார்கள்? ரோட்டைப் பெரிதாக்கவில்லை. 1972-இல் தனியார் கார்களை நிறுத்திப் பஸ் விட்டார்கள். 40 காரில் போகிறவர்கள் ஒரே பஸ்ஸில் போனால் 39 வண்டி மிச்சம். கணக்கு அவ்வளவுதான். இன்றும் ஒரு நாளைக்கு, ஒரு சீசனுக்கு எத்தனை வண்டி போகலாம் என்று உச்சவரம்பு இருக்கு.

குளிர்காலத்தில் இன்னும் ஒரு படி மேல. பழைய பூங்காப் பகுதிக்குள் ரோந்து போக நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிதான். 1922-லிருந்து இதற்காகவே நாய்களை வளர்க்கிறார்கள். மைனஸ் 40 டிகிரியில் எஞ்சின் மக்கர் பண்ணும், நாய் பண்ணாது. கோடையில் போனால் இந்த நாய்களை நேரில் பார்க்கலாம்.

ரோடே நகர்ந்து போனால்?

இப்போ நம்ம டிபார்ட்மென்ட் மேட்டருக்கு வருவோம். ரோட்டின் பாதி தூரத்தில் ‘பிரிட்டி ராக்ஸ்’ என்று ஒரு சரிவு. அங்கே ரோடு போட்டிருப்பது நிரந்தர உறைநிலத்தின் மேல். தொடர்ந்து இரண்டு வருஷமாவது உறைந்தே இருக்கும் மண்ணைத்தான் பெர்மாஃப்ராஸ்ட் என்கிறோம். அதில் மண்ணையும் கல்லையும் கட்டிப்பிடித்து வைத்திருப்பது பனிக்கட்டி. சிமென்ட் மாதிரி. சிமென்ட் உருகினால் கான்கிரீட் என்ன ஆகும்? அதுதான் அங்கே நடந்தது.

2014-க்கு முன் அந்த இடம் வருஷத்துக்குச் சில அங்குலம்தான் நகர்ந்தது. 2017-இல் மாதத்துக்குச் சில அங்குலம். 2018-இல் வாரத்துக்கு. 2019-இல் நாளுக்கு. 2021-இல் மணிக்கு 0.65 அங்குலம் வரை, அதாவது ஒரே நாளில் சுமார் 40 செ.மீ! இந்த வரிசையை ஒரு கிராஃபில் போட்டுப் பாருங்க, வயிற்றைக் கலக்கும். கடைசியில் வாரத்துக்கு 100 லாரி ஜல்லி வரை கொட்டிப் பார்த்தார்கள். 2021 ஆகஸ்டில் 69-ஆவது கி.மீ. பக்கத்தில் ரோட்டை மூடினார்கள்.

தீர்வு ஒரு இரும்பு டிரஸ் பாலம். நீளம் சுமார் 145 மீட்டர். சரிவின் மேல் ஒரு தூண்கூட ஊன்றாமல், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரே தாவல். ஆனா பாலத்தின் முனை உட்காரும் நிலத்திலும் உறைந்த மண் உண்டு. அது உருகாமல் இருக்க தெர்மோசைஃபன் என்ற குழாய்களைப் பயன்படுத்துகிறார்கள்.

இதன் வேலை செம சிம்பிள். மூடிய குழாய்க்குள் எளிதில் ஆவியாகும் ஒரு திரவம். அடிப்பாகம் மண்ணுக்குள், தலைப்பாகம் வெளிக்காற்றில். குளிர்காலத்தில் காற்று மண்ணைவிடக் குளிர்ச்சி. அடியில் திரவம் மண்ணின் சூட்டை வாங்கி ஆவியாகி மேலே போகும். மேலே சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிக் கீழே வடியும். கோடையில் மேலே சூடு, கீழே குளிர். ஆவி மேலே போனாலும் திரவமாகாது, சுழற்சி நின்றுவிடும். அதாவது வெப்பத்துக்கு ஒரு டயோடு. பம்ப் இல்லை, கரன்ட் இல்லை. 1977-இல் ஓடத் தொடங்கிய அலாஸ்கா எண்ணெய்க் குழாய்த் திட்டத்தின் தூண்களிலும் இதே தத்துவம்தான்.

கவனியுங்க, ஒரு தலைமுறை ‘இதுக்கு மேல வேண்டாம்’ என்றது. இன்னொரு தலைமுறை இருப்பதைத் தக்கவைக்கவே இவ்வளவு பெரிய பாலம் கட்ட வேண்டியிருக்கு. மியூரி காலத்தில் ஆபத்து ரோட்டில் வந்தது. இப்போ அது காற்றின் வெப்பத்தில் வருது. அதை எந்தச் செக்போஸ்ட்டிலும் நிறுத்த முடியாது.

வேலியும் ஒரு பிரச்சினையை முழுசாகத் தீர்க்காது. பூங்காவின் வடகிழக்கு எல்லைக்கு வெளியே ஓநாய்களைப் பிடிக்கத் தடைசெய்த ஒரு பகுதி 2000-லிருந்து 2010 வரை இருந்தது. பிறகு மாநில வாரியம் அதை நீக்கியது. உள்ளே பாதுகாக்கப்பட்ட ஓநாய் இரையைத் தேடிக் கோட்டைத் தாண்டினால் பொறியில் சிக்கலாம். வரைபடத்தில் இருக்கும் கோடு ஓநாய்க்குத் தெரியுமா என்ன?

சரி, போனால் எப்படிப் போகணும்?

எப்போது: மே கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரைதான் பஸ் சீசன். ஜூனில் ஒரு நாளைக்கு 20 மணி நேரத்துக்கும் மேல் வெளிச்சம், கூடவே கொசு. ஆகஸ்ட் கடைசியில் தரை முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக மாறும், கொசு குறையும், கரடிகள் பெர்ரி தின்ன வரும். எந்த மாதத்திலும் பனி விழலாம், ஸ்வெட்டர் அவசியம்.

வழி: ஆங்கரேஜிலிருந்து சுமார் 385 கி.மீ., ஃபேர்பேங்க்ஸிலிருந்து சுமார் 195 கி.மீ. காரிலும் போகலாம், ரயிலும் வாசல் வரை போகும்.

பஸ்: விளக்கம் சொல்லிக்கொண்டே போகும் சுற்றுலாப் பஸ் ஒரு வகை. எங்கே வேண்டுமானாலும் இறங்கி நடந்து, அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளும் சாதாரணப் பஸ் இன்னொரு வகை. நமக்கு இரண்டாவதுதான் சரி, விலையும் குறைவு. மிருகம் தெரிந்தால் ‘ஸ்டாப்’ என்று குரல் கொடுங்க, வண்டி நிற்கும். நின்ற பிறகு சத்தம் கூடாது, கையை வெளியே நீட்டக் கூடாது. பாலம் திறக்கும் வரை பஸ் 69-ஆவது கி.மீ. வரைதான். வொண்டர் ஏரி அதுக்கு அந்தப் பக்கம். டிக்கெட் போடும் முன் பூங்காவின் இணையதளத்தில் அந்த ஆண்டின் நிலவரத்தைப் பாருங்க.

தங்கல்: காட்டுக்குள் தங்க 87 பகுதிகளாகப் பிரித்து இலவச அனுமதி தருகிறார்கள். பெரும்பாலான இடங்களில் நடைபாதையே கிடையாது. உணவைக் கரடி திறக்க முடியாத டப்பாவில்தான் வைக்கணும்.

மிருகங்கள்: கரடியிலிருந்து குறைந்தது 275 மீட்டர், மற்றவற்றிலிருந்து 23 மீட்டர் தள்ளி நில்லுங்க. எதிரே வந்துவிட்டால் விதிகள் நேர் எதிர். கரடி என்றால் ஓடவே கூடாது. மெதுவாகப் பேசிக்கொண்டே பின்வாங்கணும். மூஸ் என்ற பெரிய மான் துரத்தினால் ஓடணும், மரத்துக்குப் பின்னால் போகணும். மாற்றிப் போட்டுடாதீங்க!

ஆறு: ‘இன்டு தி வைல்ட்’ படம் பார்த்திருப்பீங்க. 1992-இல் கிறிஸ் மெக்காண்ட்லஸ் இறந்து கிடந்த பஸ் நின்றது இந்தப் பூங்காவின் எல்லைக்குப் பக்கத்தில்தான். திரும்பி வர முயன்றவரைத் தடுத்தது டெக்லானிகா ஆறு. அந்தப் பஸ்ஸைத் தேடிப் போன இரண்டு பேர், 2010-இல் ஒருவரும் 2019-இல் ஒருவரும், அதே ஆற்றில் உயிரை விட்டார்கள். 2020-இல் ஹெலிகாப்டர் வைத்து அந்தப் பஸ்ஸையே அகற்றினார்கள். பனியாற்றில் பிறக்கும் ஆறு வெயில் ஏற ஏறப் பெருகும். காலையில் முழங்கால் அளவு இருந்தது மாலையில் இடுப்புக்கு வரலாம். கடக்கணும் என்றால் அதிகாலை. சந்தேகம் இருந்தால் திரும்பிடுங்க.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. வருகிறவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்குத்தான் மலை முழுசாகத் தெரியும். மற்ற நாளெல்லாம் மேகம். அதுக்காக யாரும் ரோப் கார் போடவில்லை, பக்கத்தில் ரோடும் போடவில்லை. மேகம் மூடினால் தரையைப் பாருங்க. குளிர்காலத்தில் இதயத் துடிப்பே நின்று உறைந்து, வசந்தத்தில் உருகித் தாவும் தவளை அங்கேதான் எங்கேயோ புல்லுக்குள் இருக்கும்.

ஒன்றைக் கட்டத் தெரிவது மட்டும் இன்ஜினியரிங் இல்லை. எங்கே நிறுத்தணும் என்று கணக்குப் போடுவதும் அதில் சேர்த்திதான். டெனாலி அதுக்கு ஒரு 148 கி.மீ. நீள உதாரணம். நம்ம காலேஜிலிருந்து யாராவது அங்கே போனால் அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க. மலை தெரிஞ்சுதா இல்லையான்னு மறக்காம சொல்லுங்க!