பழைய காருக்குப் புதிய கியர்ப் பெட்டி

அமெரிக்க நாட்டில் 1964ஆம் ஆண்டு மாடலாக போண்டியாக் ஜி.டி.ஓ. வெளிவந்த பின்னர், நடுத்தர அளவுள்ள காரில் எட்டு சிலிண்டர் கொண்ட பெரிய எஞ்சினைப் பொருத்தி விற்கும் வழக்கம் விரைவில் பரவிற்று. அத்தகைய கார்களை 'மஸில் கார்' என்பர். தசைவலிமை மிக்க கார் என்பது பொருள். இன்று அவற்றைப் பேணி வருவோர் பலர் எஞ்சினைத் திருத்தியமைத்து அதன் ஆற்றலைப் பெருக்குகின்றனர். பெருகிய ஆற்றலைத் தாங்கப் பழைய கியர்ப் பெட்டி போதுமா, போதாதெனில் எதனைப் பொருத்துவது என்ற கேள்வி அடுத்து எழுகின்றது. பெட்டியின் புகழைக் கேட்டு வாங்குவோர் உண்டு. கணக்குப் பார்த்து வாங்குவதே நன்று என்பது என் கருத்து. அக்கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன்.

1968ஆம் ஆண்டு மஸ்டாங் கார் ஒன்றைக் கொள்வோம். அதன் 302 கன அங்குல எஞ்சின் 310 பவுண்டு-அடி முறுக்கு விசை தருவதாக ஃபோர்டு நிறுவனம் அறிவித்தது. அதனை 347 கன அங்குலமாகப் பெருக்கினால், விசை ஏறக்குறைய 400 ஆகக்கூடும். அக்காலத்து நான்கு கியர்ப் பெட்டிக்கு, மேல்மூடியைத் திறந்து சக்கரங்களை உள்ளே வைப்பதால், 'டாப்லோடர்' என்று பெயர். இரும்பு உடல் கொண்ட அப்பெட்டி வலிமையானதே. ஆனால் அதன் நான்காம் கியரின் விகிதம் 1.00, அதற்கு மேல் வேறு கியர் இல்லை.

முதலில் வலிமையைப் பார்ப்போம். கியர்ச் சக்கரங்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. விசை மிகும்போது அவை தாம் ஏறியுள்ள தண்டுகளை ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். தண்டு வளைந்தால் பற்கள் முழுமையாகப் பொருந்தாமல் உடையும். 1990-93ஆம் ஆண்டு மஸ்டாங்கில் வந்த டி-5 என்னும் ஐந்து கியர்ப் பெட்டி 300 பவுண்டு-அடிக்கென மதிப்பிடப்பட்டது. நம் காருக்கு அது போதாது. டிரெமெக் நிறுவனம் 2020இல் வெளியிட்ட டி.கே.எக்ஸ். பெட்டியின் மதிப்பீடு 600. வழுக்காத டயரும் கிளட்சைச் சட்டென்று விடும் பழக்கமும் சேர்ந்தால், எஞ்சின் தருவதினும் மிகுந்த அதிர்ச்சி பெட்டியைத் தாக்கும். ஆதலின் வலிமையில் சற்று மிச்சம் இருத்தல் வேண்டும்.

அடுத்தது விகிதம். முதல் கியரின் விகிதத்தைப் பின்னச்சின் விகிதத்தால் பெருக்குக. பின்னச்சு 3.73 எனில், டாப்லோடரின் 2.78 விகிதத்திற்கு 10.4 கிடைக்கும், டி.கே.எக்ஸின் 2.87க்கு 10.7. சாலையில் ஓட்டும் காருக்கு 9 முதல் 11 வரை ஏற்றது. அதே பெட்டி 3.27 விகிதத்திலும் கிடைக்கின்றது. அதனைக் கொண்டால் 12.2 ஆகும். கார் புறப்பட்டதும் முதல் கியர் தீர்ந்துபோகும். மறுமுனையையும் காண்போம். 26 அங்குல விட்டமுள்ள டயரில் மணிக்கு 60 மைல் செல்கையில், 1.00 விகிதத்தில் எஞ்சின் நிமிடத்திற்கு ஏறக்குறைய 2,900 முறை சுழலும். ஐந்தாம் கியரின் 0.68 விகிதத்தில் 2,000க்குச் சற்றே குறைவாகச் சுழலும். நெடும்பயணத்தில் இரைச்சலும் எரிபொருளும் குறைவதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது இடம். ஆறு கியர் கொண்ட மேக்னம் பெட்டி இன்னும் வலியது, ஆனால் பருமனானது. பழைய மஸ்டாங்கில் அதனைப் பொருத்தத் தரைத் தகட்டின் நடுமேட்டை வெட்ட நேரும். வெட்டியதைப் பற்றவைத்து மூடலாம். தொழிற்சாலையில் வந்த உடலை மீண்டும் பெற இயலாது. 400 பவுண்டு-அடி எஞ்சினுக்காக அவ்விழப்பை ஏற்கத் தேவையில்லை என்பேன்.

இறுதியாக ஒன்று. எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் மணிவடிவ உறையின் துளை, கிராங்குத் தண்டின் மையத்தோடு ஒத்திருக்கிறதா என்று டயல் கேஜால் அளத்தல் இன்றியமையாதது. அளவியின் முள் முழுச் சுற்றில் 0.005 அங்குலத்திற்கு மேல் விலகினால், எவ்வளவு விலையுயர்ந்த பெட்டியும் தாங்கியைத் தேய்த்துக் கியர் மாற மறுக்கும். புதுப் பெட்டியின் நீளம் வேறாதலால், பின்னச்சுக்குச் செல்லும் தண்டின் நீளத்தையும் பெட்டியைப் பொருத்திய பின்னரே அளந்து செய்விக்க வேண்டும். எஞ்சினின் விசை, பின்னச்சு, டயர், தரைமேடு ஆகிய நான்கின் அளவையும் தாளில் குறித்துக்கொண்ட பிறகு கடைக்குச் செல்வதே முறை.