நாரிப்பிடிப்பும் உரமூடையும்

உரமூடையைத் தூக்கி நாரிப்பிடிப்புக்கு ஆளாகும் கமக்காரர் பலர். மூடை 50 கிலோகிராம் நிறையுடையதே. ஆயினும் முழங்காலை மடக்காது குனிந்து, கைகளை நீட்டித் தூக்குங்கால் முள்ளந்தண்டின் அடிப்பகுதி அதனிலும் பன்மடங்கு அமுக்கத்தைத் தாங்குகின்றது. கிணற்றுத் துலாவை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர்: நீண்ட பக்கத்தில் தொங்கும் சிறு பாரத்துக்கு ஈடாகக் குறுகிய பக்கத்தில் பெரும்பாரம் வேண்டும். முதுகுத் தசைகள் அக்குறுகிய பக்கத்தில் நின்றே இழுக்கின்றன.

ஆதலின் மூடையை உடலோடு அணைத்து, முழங்காலை மடக்கித் தொடைப்பலத்தால் எழும்புதல் வேண்டும். திரும்புகையில் இடுப்பை முறுக்காது பாதங்களைப் பெயர்த்து வைக்கவும். இருவர் தூக்கலே நன்று. தனியே தூக்குவதை வீரமெனக் கருதும் இளைஞர்க்கே இதனைச் சிறப்பாகச் சொல்கின்றோம். கால் மரத்தாலோ சிறுநீர் தடைப்பட்டாலோ எண்ணெய் பூசிக் காலங்கடத்தாது அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவும்.